கண்ணுக்கு மூன்று நிமிட வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வட சென்னை இளைஞர்களின் குடிப்பழக்கம் பற்றித் தங்கள் நாளிதழில் வரும் வாசகர் கடிதங்களைத் தவறாமல் படிக்கிறேன். கடையை மூட வேண்டும், நேரத்தைக் குறைக்க வேண்டும் என்றுதான் பெரும்பாலோர் எழுதுகிறார்கள். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் கடை மூடப்படும் நாள் வரை, தினம் மாலை ஆறரை மணிக்கு அந்த வழியாக வீடு திரும்பும் பையன் என்ன செய்வான்? அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அரசு மருத்துவமனை வார்டுகளில் 31 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தவள் நான்.

நான் சொல்லும் பையன் என் அண்ணன் மகன். வயது 24. திருவொற்றியூர்ப் பக்கம் கன்டெய்னர் கிடங்கு ஒன்றில் வேலை. வாரம் ஒரு நாள் என்று தொடங்கிய குடி, போன ஆண்டு நான்கு நாளாகியிருந்தது. "அதை நினைக்காதே, நினைக்காதே" என்று அண்ணி அழுவார். நினைக்காதே என்று சொன்னால் அதுதானே முதலில் நினைவுக்கு வரும்! ஒரு நாள் அவனை உட்கார வைத்து, "ஆசை வரும்போது உனக்குள் என்னடா தெரிகிறது?" என்று கேட்டேன். அவன் யோசிக்கவே இல்லை. "பாட்டில் மேல் வேர்த்திருக்கிற தண்ணீர் தெரியும் அத்தை. பிளாஸ்டிக் டம்ளர், மாங்காய்த் துண்டு, எதிரில் சிரிக்கிற நண்பன்" என்றான். தாகம் என்றோ, உடம்பு கேட்கிறது என்றோ ஒரு சொல் இல்லை. அவன் சொன்னதெல்லாம் காட்சி.

இதை உளவியலாளர்கள் முன்பே எழுதிவைத்திருக்கிறார்கள். கவனா, ஆண்ட்ரேட், மே என்ற மூவர் 2005இல் வெளியிட்ட கருத்து இது: சட்டென்று வந்து போகும் ஒரு நினைப்பை, மனம் கண்முன் காட்சியாக வரைந்து வளர்க்கும்போதுதான் அது ஏக்கமாகிறது. அந்தக் காட்சியை வரையும் பலகை மனத்துக்குள் மிகச் சிறியது. அதில் வேறொரு படத்தை வரையத் தொடங்கிவிட்டால் பாட்டிலுக்கு இடம் போதாது. 2015இல் வெளியான ஆய்வில், 18 முதல் 27 வயது வரையிலான 31 மாணவர்களை ஒரு வாரம் கவனித்தார்கள். உணவு, காபி, சிகரெட், மது என்று எதன் மீது ஆசை எழுந்தாலும் அவர்களில் ஒரு பகுதியினர் மூன்று நிமிடம் டெட்ரிஸ் விளையாட வேண்டும். கட்டைகள் மேலிருந்து விழ விழ அடுக்குவோமே, பர்மா பஜாரில் வாங்கிய கையடக்கப் பொட்டியில் நம் பிள்ளைகள் விளையாடியது, அதேதான். நூற்றுக்கு 70 என்றிருந்த ஏக்கம் 56 ஆனது.

ஐந்தில் ஒரு பங்குதானா என்று சிலர் கேட்கலாம். காய்ச்சல் முழுவதும் இறங்க வேண்டியதில்லை, இரண்டு டிகிரி இறங்கினாலே குழந்தை கஞ்சிக்கு வாய் திறப்பதை நான் எத்தனையோ இரவுகள் பார்த்திருக்கிறேன். அந்த இடைவெளியில்தான் பையனின் கால் வேறு தெருவுக்குத் திரும்புகிறது.

நம் பகுதியில் டெட்ரிஸைவிட நெருக்கமானது கேரம். 2024இல் அமெரிக்காவில் உலகக் கோப்பை வென்ற காசிமா வளர்ந்த இந்தப் புதுவண்ணாரப்பேட்டையில் இதை நான் விளக்க வேண்டியதில்லை. டெட்ரிஸ் செய்ததைக் கேரமும் செய்யும் என்பது என் சொந்தக் கணிப்பு. ஸ்ட்ரைக்கர் எந்தக் காயில் பட்டு, எந்தக் கோணத்தில் திரும்பி, எந்தக் குழியில் போய் விழும் என்று பார்க்கிற கண்ணுக்கு வேறு எதையும் பார்க்க நேரம் இல்லை. ஆனால் அவன் வீடு திரும்பும் ஷேர் ஆட்டோவில் பலகை ஏது? அதற்கும் அவனே வழி கண்டான். கண்ணை மூடிக்கொண்டு காய்களை அடுக்குவான். நடுவே சிவப்பு. அதைச் சுற்றி ஆறு. அதற்கும் வெளியே பன்னிரண்டு. வெள்ளை எங்கே, கறுப்பு எங்கே என்று ஒவ்வொன்றாக வைத்து முடித்து, முதல் அடியை அடித்து, எந்தக் காய் எங்கே சிதறியது என்றும் பார்ப்பான். அதற்குள் வண்டி கடை இருக்கும் முனையைக் கடந்துவிடும். கடை வாசலில் நின்றுகொண்டு அடுக்கினால் பயன் இல்லை என்று அவனே சொல்கிறான். உண்மைப் பாட்டில் எதிரே இருக்கும்போது மனப்படம் தோற்றுவிடுகிறது. பாட்டிலின் படம் மனத்தில் எழும்பும்போதே, கிடங்கு வாசலிலேயே தொடங்க வேண்டும். நான்கு நாள் இப்போது ஒன்றாகியிருக்கிறது. சில வாரம் இரண்டு. நண்பன் கல்யாணத்தன்று எதுவும் உதவவில்லை, மறுநாள் தானாகவே வந்து என்னிடம் சொன்னான்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காலையிலேயே கை நடுங்குகிறவர்கள், தினமும் நிறையக் குடிப்பவர்கள், கேரமை நம்பித் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து, கட்டிலில் பிடித்துவைத்துக் காப்பாற்றிய பிள்ளைகளின் முகங்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவர்களுக்கு மருத்துவர் வேண்டும். 14446 என்ற எண்ணிலோ 104இலோ கட்டணமின்றி ஆலோசனை கேட்கலாம்.

மாநகராட்சிக்கு ஒரு வேண்டுகோள். தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைத் திடல்களிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் மாலை ஆறு முதல் ஒன்பது வரை இரண்டு கேரம் பலகைகளும் ஒரு நல்ல விளக்கும் வையுங்கள். வேலை முடிந்து பையன்கள் திரும்பும் நேரம் அதுதான். பகலில் திறந்து மாலையில் பூட்டினால் அவர்களுக்குப் பயன்படாது.

எங்கள் தெருவில் பால் பூத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை இப்போதே இருக்கிறது. தினமும் ஆறு மணிக்கு நான் விளக்குப் போட்டுவிடுகிறேன். போரிக் பவுடர் என் செலவு. எந்தத் தெருப் பையனும் வரலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
புதுவண்ணாரப்பேட்டை, சென்னை – 81