கிழமையை மாற்றுங்கள், நாள்களைக் குறைக்காதீர்கள்

நம் ஊர் மாரியம்மன் கோயில் பங்குனித் திருவிழாக் குழுவில் இருக்கும் பெரியவர்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை மந்தையில் கூட்டம் போட்டு நீங்கள் எடுத்த முடிவு, வழக்கம்போல, அடுப்படி வழியாகத்தான் எங்களுக்கு வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமை இரவு காப்பு, சனிக்கிழமை பொங்கல், ஞாயிற்றுக்கிழமை முளைப்பாரி, அன்று இரவே எல்லோரும் பஸ் ஏறிவிடலாம். செவ்வாய்க்குச் செவ்வாய் எட்டு நாள் நடந்த திருவிழா இனி மூன்று நாள். அப்படியென்றால் முளைப்பாரி எப்படி வளரும் என்று ஒருவர் கேட்டாராம். வெளியூரில் வளர்த்து விற்கிறவர்களிடம் மொத்தமாகச் சொல்லி, வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிடலாம் என்று பதில் வந்ததாம்.

22 வருடமாக முளைப்பாரி வளர்வது என் வீட்டில். அதற்கு முன் என் மாமியார் வீட்டில், அதாவது இதே வீட்டில். இந்த விஷயத்தில் வாய் திறக்க எனக்கு அந்த உரிமை போதும். கூட்டத்தில் எங்களுக்கு இடமில்லை என்பதால் மடலாக எழுதுகிறேன்.

உங்கள் காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். எட்டு நாள் லீவு கேட்டால் ஒன்பதாம் நாள் வேலை இருக்காது. என் மகனும் அவர்களில் ஒருவன்தான். திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று போடும் தலைக்கட்டு வரியை முணுமுணுக்காமல் அனுப்புகிறவர்களும் அவர்கள்தான். திருவிழாவைக் கண்ணால் பார்க்காதவன் எத்தனை வருடம் வரி கட்டுவான் என்று பொருளாளர் கேட்டாராம். நியாயமான கேள்வி.

ஆனால் பயறுக்குச் சனி, ஞாயிறு தெரியாது.

முளை போடுவதை நீங்கள் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். அந்த அறைக்குள் ஆண்களை விடுவதில்லை. அதனால் சொல்கிறேன். உடைந்த பானையின் கழுத்து வளையத்தை எடுத்து, குறுக்கே சோளத்தட்டை கட்டி, அதன்மேல் வைக்கோலைப் பரப்புவோம். காய்ந்த எருவை உள்ளங்கையில் தேய்த்துத் தூளாக்கிப் போட்டு, முந்தின இரவு ஊறவைத்த தட்டைப்பயறு, பாசிப்பயறு, மொச்சை எல்லாம் கலந்து தூவி, மறுபடி எருவால் மூடுவோம். பிறகு ஜன்னலைச் சாக்கால் அடைத்துவிடுவோம். வெளிச்சம் ஒரு பொட்டு வரக்கூடாது. காலையும் மாலையும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் தண்ணீர் தெளிக்க வேண்டும். முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியாது. சட்டியைப் பார்த்தால் வெறும் எரு. புதிதாக முளை போட வரும் பெண்கள் அன்றைக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். தன் சட்டி மட்டும் வராமல் போய்விடுமோ என்று. மூன்றாம் நாள் எருவில் வெடிப்பு விழும். கழுத்தைக் குனிந்துகொண்டு வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்க்கும். ஐந்தாம் நாள் கூன் நிமிரும். அதன் பிறகு, இல்லாத வெளிச்சத்தைத் தேடிக்கொண்டு, மஞ்சள் நூல்போல விறுவிறுவென்று உயரும். எட்டாம் நாள் கதவைத் திறக்கும்போது ஒரு சாணுக்கு மேல் நிற்கும். வெயில் பட்டிருந்தால் பச்சை பிடித்துக் கட்டையாக நின்றிருக்கும். அந்த வெளிறிய பொன்னிறம் இருட்டில் மட்டும் வருவது.

வெள்ளி இரவு போட்டு ஞாயிற்றுக்கிழமை எடுத்தால், உங்கள் மனைவியும் மகளும் தலையில் தூக்கி வருவது எருச் சட்டியைத்தான்.

வாங்கி வைத்தால் என்ன குறைந்துவிடும் என்கிறீர்கள். பெரிய கோயில்களில் கொடியேற்றத்துக்கு முன்னால் அங்குரார்ப்பணம் என்று ஒன்று உண்டு. பாலிகைக் கிண்ணங்களில் தானியம் விதைத்து மந்திரம் சொல்லித் தொடங்குவார்கள். பல வீட்டுக் கல்யாணங்களிலும் பாலிகை தெளிக்கிறார்கள். சிலப்பதிகாரத்தில் கண்ணகி கல்யாணத்திலேயே முளைப்பாலிகை ஏந்திய பெண்கள் வருகிறார்கள். நம் ஊரில் அந்த வேலை பெண்கள் கைக்கு வந்திருக்கிறது. எங்களுக்கு மந்திரம் தெரியாது. ராத்திரி வாசலில் கும்மி கொட்டிப் பாடுகிறோமே, அதுதான். விதைத்தது, முளைத்தது, இலை விட்டது என்று ஒவ்வொரு நாளும் அன்றைக்கு உள்ளே நடப்பதைப் பாட்டாகச் சொல்வோம். உள்ளே ஒன்றும் நடக்காத சட்டிக்கு எதைப் பாடுவது? வேறொருத்தி விரதம் இருந்து வளர்த்ததைப் பணம் கொடுத்து வாங்கி நாம் தலையில் ஏற்றிக்கொண்டால், அவளுடைய நேர்த்தியை நாம் ஊருணியில் கரைத்துவிட்டு வருகிறோம் என்றுதான் அர்த்தம். (முளைப்பாரியைப் பார்த்து அந்த வருட வெள்ளாமையைச் சொல்லும் வழக்கம் வேறு இருக்கிறது. வாங்கிய சட்டி எந்த ஊர் வெள்ளாமையைச் சொல்லும் என்பதையும் குழு முடிவு செய்துவிடட்டும்.)

இனி காப்பு. மஞ்சள் துணியில் வேப்பிலையை முடிந்து சாமிக்கும் பூசாரிக்கும் கட்டுகிறோம். கட்டுப்படுவது ஊர். காப்பு ஏறிவிட்டால் ஊர்க்காரர் வெளியூரில் இரவு தங்கக்கூடாது. வேலைக்குப் போனாலும் விளக்கு வைக்கத் திரும்பிவிட வேண்டும். எண்ணெய் ஊற்றித் தாளிக்கக்கூடாது. கல்யாணப் பேச்சு எடுக்கக்கூடாது. சண்டை கூடாது. வரப்புத் தகராறில் வருடம் முழுக்க முகம் பார்க்காத அண்ணன் தம்பி இரண்டு பேர், அந்த எட்டு நாளும் ஒரே குழாயடியில் வாய் திறக்காமல் தண்ணீர் பிடித்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒன்பதாம் நாள் காலையில் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள், அது வேறு விஷயம். ஆனால் எட்டு நாள் நாக்கைக் கட்டிப் போட்டது எது? வெள்ளிக்கிழமை கட்டி ஞாயிற்றுக்கிழமை அவிழ்க்கிற காப்பு யார் நாக்கைக் கட்டும்? ஒரு சண்டையை ஒத்திவைக்கக்கூட அது போதாது.

சமயபுரத்தில் அம்மனே விரதம் இருக்கிறாள். மாசி மாதக் கடைசி ஞாயிறு பூச்சொரிதலில் தொடங்கி 28 நாள், பச்சைப் பட்டினி விரதம். சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர். மற்ற இடங்களில் சாமிக்காக மனிதர் பட்டினி கிடப்பார்கள். அங்கே மனிதருக்காகச் சாமி பட்டினி கிடக்கிறது. எனக்கு மாரியைப் பற்றித் தெரிந்த சேதிகளில் என்னை அதிகம் அசைத்தது இதுதான். நம்மைப் பிடித்த சூட்டை அவள் வாங்கிக்கொள்கிறாள்; பதிலுக்கு நாமும் சில நாள் வாயைக் கட்டி, வேம்பும் மஞ்சளும் மோருமாக அவளைக் குளிர வைக்கிறோம். மாரி என்றால் மழை. பங்குனி வெயிலில் மழையின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம்.

என் அப்பத்தாவின் முகம் முழுக்க அம்மைத் தழும்பு. இடது கண் தெரியாது. அவள் அதைத் தழும்பு என்று ஒருநாளும் சொன்னதில்லை. "ஆத்தா முத்துப் போட்டா" என்பாள். அவளுக்கு முத்துப் போட்ட அதே மாதம் அவளுடைய தம்பியும் தங்கையும் போய்விட்டார்கள். ஆனாலும் ஆத்தாதான். வாசலில் வேப்பிலை செருகிய வீட்டுக்குள் யாரும் போகமாட்டார்கள், தாளிக்கும் வாசனை வரக்கூடாது, அம்மை இறங்கி மூன்றாம் முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வெளியூர்ப் பயணம் இல்லை. நோய் கண்ட வீட்டுக்கு இருந்த கட்டுப்பாடும், காப்புக் கட்டிய ஊருக்கு இருக்கும் கட்டுப்பாடும் ஏறக்குறைய ஒன்று என்பதை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? நோய் வருவதற்கு முன்பே, வருடத்தில் எட்டு நாள், ஊரே அம்மை கண்ட வீடாக இருந்து பார்க்கிறது. இப்படித்தான் எனக்குப் படுகிறது.

உடனே யாராவது தம்பி, முன்னோர்கள் எல்லாவற்றிலும் விஞ்ஞானம் வைத்திருந்தார்கள் என்று வாட்ஸாப்பில் போட வேண்டாம். பெரியம்மையை ஒழித்தது தடுப்பூசி. இந்தியாவில் கடைசியாக அது கண்டது 1975 மே மாதத்தில். உலகத்திலேயே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980 இல். ஊசி போட வந்தவர்களைக் கண்டு, ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று வைக்கோல் படப்புக்குள் பிள்ளைகளை ஒளித்து வைத்த ஊர்தான் நம் ஊர். வேம்பு அதை ஒழிக்கவில்லை. பிறகு எதற்குக் காப்பு? நோய் போன பிறகும் அவள் போகாமல் இருக்கிறாளே, அதற்கு. 2020 பங்குனியில் திருவிழா நின்றது. அந்த வருடம் ஊருக்குள் யாரும் வரவில்லை, யாரும் வெளியே போகவில்லை, தெருவில் சத்தமில்லை. ஊரே காப்புக் கட்டியதுபோல இருந்தது. கும்மி மட்டும் இல்லை. பயத்தைச் சேர்ந்து உட்கார்ந்து பாடித் தீர்க்க முடியாமல் போனால் எப்படி இருக்கும் என்று அப்போது தெரிந்துகொண்டோம். ஐந்தாறு வருடத்திலேயே மறந்துவிட்டோமா?

எல்லை என்று சொல்லி வேப்பிலைத் தோரணம் கட்டுகிறீர்கள். வடக்கே கண்மாய்க்கரை, கிழக்கே பஸ் நிறுத்தம், தெற்கே ஊருணி. மேற்கே மட்டும் தோரணம் காலனிக்கு ஐம்பது அடி முன்னால் நின்றுவிடுகிறது. அங்கேயும் பெண்கள் முளை போடுகிறார்கள். நம் ஊர்வலம் போய் முடிந்த பிறகு, தனியாக, அதே ஊருணிக்கு வருகிறார்கள். என் அப்பத்தாவின் தம்பியைக் கொண்டுபோன நோய் அதே வாரத்தில் காலனியில் நான்கு பேரைக் கொண்டுபோனது என்று அவளே சொல்லியிருக்கிறாள். அம்மை தெருப் பார்த்து வரவில்லை. தோரணம் மட்டும் தெருப் பார்க்கிறது. 22 வருடம் இதைப் பார்த்துக்கொண்டு நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், அந்தக் குற்றம் எனக்கும் உண்டு. திருவிழாவை மாற்றலாம் என்று நீங்களே கையை வைத்துவிட்டீர்கள். மாற்ற வேண்டியதும் ஒன்று அங்கே இருக்கிறது, அதை மாற்றுங்கள். இதை எழுதியதற்காக என் வீட்டில் முளை போட வேண்டாம் என்று முடிவெடுத்தால், அதையும் அடுப்படி வழியாகச் சொல்லி அனுப்பாமல் நேரில் வந்து சொல்லுங்கள்.

மைக் செட்டைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பரீட்சை நேரம். இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000 ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. திருவிழா என்று மாநில அரசு தனியாக விலக்குக் கொடுத்தாலும் நள்ளிரவு வரைதான். விடிய விடிய அல்ல. அதோடு, குழாய் அலறினால் எங்கள் கும்மி எங்கள் காதுக்கே கேட்பதில்லை.

பையன்கள் வர வேண்டும், சரி. அதற்கு நாள்களை வெட்ட வேண்டியதில்லை. செவ்வாய் காப்புக் கட்டிச் செவ்வாய் பொங்கல் வைப்பது பழக்கம்தான். அம்மனுக்கு உகந்த கிழமை என்று எனக்கும் ஆசைதான். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிறு காப்பு, சனிக்கிழமை பொங்கல், மறு ஞாயிறு முளைப்பாரி. ஊரில் இருக்கிற நாங்கள் எட்டு நாளும் கட்டுப்படுகிறோம். வெளியூரில் இருப்பவர்கள் கடைசி இரண்டு நாள் வரட்டும். இருக்கிற இடத்திலேயே அந்த வாரம் ஒருவேளைச் சாப்பாட்டைக் குறைத்து, யாரோடும் சண்டை போடாமல் இருக்கட்டும். என் மகனிடம் கேட்டேன். சண்டை போடாமல் இருப்பதுதான் கஷ்டம், மேனேஜர் அப்படி என்றான். முயற்சி செய்கிறேன் என்றும் சொன்னான்.

நோட்டீஸ் அச்சுக்குப் போவதற்கு முன்னால் ஒரு கூட்டம் போடுங்கள். முளை போடுகிற பெண்கள் இந்தத் தெருவில் முப்பத்தைந்து பேர், காலனியில் இருபது பேர். மந்தையில் எல்லோரும் உட்கார இடம் இருக்கிறது.

எது முடிவானாலும், காப்புக்கு இரண்டு நாள் முன்னதாகவாவது எனக்குத் தகவல் வர வேண்டும். பயறு ஊறப்போட வேண்டும். போன வருடம் தட்டைப்பயறில் வண்டு விழுந்துவிட்டது. இந்த வருடம் சாம்பல் கலந்து பானையில் கட்டி வைத்திருக்கிறேன். மொச்சை மட்டும் இன்னும் வாங்கவில்லை.

இப்படிக்கு,
முளைப்பாரி வீட்டு அக்கா
மேலத்தெரு