எல்லா 'ஆமா'வும் 'யெஸ்' இல்லை

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ பேசியது பாதி, அழுதது பாதி. ஓ.இ.டி. என்கிற, மருத்துவத் துறையினருக்கான இங்கிலீஷ் தேர்வில் மற்ற மூன்று பகுதியிலும் தேறிவிட்டாய், ஸ்பீக்கிங்கில் மட்டும் 340-இல் நின்றுவிட்டது. பிரிட்டன் நர்ஸிங் கவுன்சில் கேட்கும் 'பி' கிரேடுக்கு 350 வேண்டும். பத்து மார்க். அது போகட்டும். "எனக்கு இங்கிலீஷே வராதுப்பா" என்றாயே, அதுதான் ராத்திரி முழுக்கக் காதில் கிடந்தது. நர்ஸிங் பாடத்தை எல்லாம் இங்கிலீஷில் எழுதித் தேறியவள் பேசுகிற பேச்சா இது?

நீ அனுப்பிய பயிற்சி ரெக்கார்டிங்கை மூன்று தடவை கேட்டேன். இலக்கணத்தில் பெரிய குறை ஒன்றும் என் காதுக்குப் படவில்லை. ஆனால் ஒரு இடம். நோயாளியாக நடிப்பவர், "எனக்கு ஊசின்னா பயம்" என்கிறார். நீ "ஐ அண்டர்ஸ்டேண்ட் யுவர் கன்சர்ன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே மாத்திரை எப்போது போட வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டாய். அந்த ஐந்து நிமிடத்துக்குள் அதே வாக்கியம் நான்கு முறை வருகிறது. எண்ணினேன். என்னென்ன பேச வேண்டும் என்று எழுதிக் கையில் தருகிற அட்டையை முடிக்க ஓடுகிறாய், பாப்பா. வார்டில் நிஜமாக ஒருவர் பயம் என்றால் இப்படியா விட்டுவிட்டுப் போவாய்? எதற்குப் பயம், முன்னால் ஏதாவது ஆனதா என்று கேட்க மாட்டாயா? அட்டையைப் படிக்க மூன்று நிமிடம் தருகிறார்களே, அதில் வாக்கியங்களைக் கட்டாதே. இந்த மனிதருக்கு என்ன பயம் இருக்கும் என்று மட்டும் யோசி.

இப்போது என் கதை. பலமுறை கேட்டதுதான் என்று அம்மா சிரிக்கிறாள். ஆனால் உனக்கு முழுசாகச் சொன்னதில்லை.

நான் வெளிநாட்டில் எலெக்ட்ரீஷியன் வேலைக்குப் போன இரண்டாவது மாதம். நான் மெயின் போர்டு பக்கம் நிற்கிறேன், சூப்பர்வைசர் அந்தக் கோடியில் ஒரு பேனலைத் திறந்து வைத்திருக்கிறார். அங்கிருந்தே சத்தமாகக் கேட்டார்: "யூ ஹேவன்ட் ஸ்விட்ச்ட் இட் ஆஃப் யெட்?" புரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை. இன்னும் ஆஃப் பண்ணலையா என்கிறார். ஆமா, பண்ணலை. "யெஸ் சார்!" என்றேன்.

நம் பேச்சில் "சாப்பிடலையா?" என்றால் "ஆமா, சாப்பிடலை" என்போம். கேட்டவர் சொன்னது சரி என்பதற்கு அந்த 'ஆமா'. இங்கிலீஷில் அங்கே வர வேண்டியது 'நோ'. 'யெஸ்' என்றால் காரியம் ஆகிவிட்டது என்று அர்த்தம். அவர் மின்சாரம் இல்லை என்றே நினைத்துக் கையை நீட்டினார். நல்ல வேளை, பழக்கதோஷத்தில் டெஸ்டரை முதலில் வைத்தார். விளக்கு எரிந்தது.

அவர் திட்டவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று, "இனிமேல் எனக்கு யெஸ், நோ வேண்டாம். 'ஆன்' இருக்கா, 'ஆஃப்' இருக்கா, அதை மட்டும் சொல்" என்றார். அன்றிலிருந்து "இட் இஸ் ஸ்டில் ஆன் சார்" என்றே சொல்லிப் பழகினேன். இலக்கணப் புத்தகம் சொல்லித் தராததை அந்த டெஸ்டர் சொல்லித் தந்தது.

இதை உன் வார்டில் வைத்துப் பார். ஷிஃப்ட் மாறும்போது கூட வேலை செய்பவள், "நீ இன்னும் இன்சுலின் போடலையே?" என்று இங்கிலீஷில் கேட்கிறாள். நீ போடவில்லை. பழக்கத்தில் 'யெஸ்' என்றால் போட்டாயிற்று என்று எடுத்துக்கொண்டு போய்விடுவாள். "ஐ ஹேவன்ட் கிவன் இட்" என்று முழுசாகச் சொல்லிவிடு.

எண்களும் அப்படித்தான். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டையும் நாம் ஒரே அழுத்தத்தில் சொல்கிறோம். அவர்கள் முன்னதில் 'டீன்' மேலும், பின்னதில் 'ஃபிஃப்' மேலும் அழுத்தம் தருவார்கள். மருந்தின் அளவு என்றால் அழுத்தத்தையும் நம்பாதே. "ஒன் ஃபைவ்", "ஃபைவ் ஜீரோ" என்று எண் எண்ணாகப் பிரித்துச் சொல்.

இன்னொன்று, சிரிக்காதே. உன்னை அறிமுகப்படுத்தும்போது, "ஐ பாஸ்ட் அவுட் இன் 2021" என்கிறாய். படித்து முடித்தேன் என்று நமக்குப் புரியும். அங்கே அதற்கு மயங்கி விழுந்தேன் என்று அர்த்தம். அந்த அறிமுகப் பேச்சுக்குத் தேர்வில் மார்க் கிடையாது, தப்பித்தாய். வேலைக்கான இன்டர்வியூவில் 'கிராஜுவேட்டட்' என்று சொல்.

நோயாளிகளும் பாடப்புத்தகம் மாதிரி பேச மாட்டார்கள். அங்கே வயதானவர்கள், சிறுநீர் கழிக்கப் போவதை "ஸ்பெண்ட் எ பென்னி" என்பார்கள். உடம்பு சரியில்லை என்பதற்கு "பூர்லி". புரியாவிட்டால் தலையாட்டாதே. "ஸாரி, வாட் டூ யூ மீன் பை தட்?" என்று கேள். கேட்டால் மதிப்புக் குறையும் என்று நானும் நினைத்துக் கிடந்தவன்தான். புரியாமல் 'யெஸ்' போட்ட நாட்களில்தான் எனக்கு வேலை இரண்டு மடங்காயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை போன் பண்ணு. நான்தான் நோயாளி. முழங்கால் வலிக்கு நடிக்கவே வேண்டாம், அது நிஜமாகவே இருக்கிறது. ஊசி பயத்தையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்கிறேன். எடுத்ததும் முதல் கேள்வி, "யூ ஹேவன்ட் ஸ்லெப்ட் வெல், ஹேவ் யூ?" என்றுதான் இருக்கும். என்ன பதில் சொல்கிறாய் என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா