'ஃபார்' என்றால் 'க்காக' மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கால அளவைச் சொல்லும் ஆங்கில முன்னிடைச்சொற்களைப் பற்றி நாளிதழ்களின் ஆங்கிலப் பயிற்சிப் பகுதிகளில் ஒரே பாடம் திரும்பத் திரும்ப வருகிறது: தொடங்கிய நேரத்துக்கு 'சின்ஸ்', மொத்த அளவுக்கு 'ஃபார்'. பாடத்தில் பிழையில்லை. ஆனாலும் 'சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்று எழுதுவது நின்றபாடில்லை.

தமிழ் மாணவருக்கு இந்த வேறுபாடு புரியாமல் இல்லை. 'மூன்று ஆண்டுகளாக', '2019 முதல்' என்று எழுதும்போது அவர் இரண்டையும் குழப்பிக்கொள்வதே கிடையாது. கோளாறு, அவர் மனப்பாடம் செய்த அகராதிப் பொருளில் இருக்கிறது. 'ஃபார்' என்றால் 'க்காக', 'சின்ஸ்' என்றால் 'இருந்து' என்று படித்தவர், 'மூணு வருஷமா' என்பதை ஆங்கிலத்தில் சொல்லப் பார்க்கிறார். 'மூன்று வருஷத்துக்காக' என்பது பொருந்தவில்லை. கையில் மிச்சம் இருப்பது 'சின்ஸ்'. அதைப் போட்டுவிடுகிறார்.

ஆங்கிலம் ஒரே 'ஃபார்' கொண்டு செய்யும் வேலையைத் தமிழ் மூன்று விதமாகப் பிரித்துச் செய்கிறது. மூன்று நாளாக மழை பெய்கிறது. மூன்று நாளைக்கு வெளியூர் போயிருக்கிறார். மூன்று நாள் தங்கினார். முதலாவதில் காலம் முன்பு தொடங்கி இந்த நொடி வரை வந்து நிற்கிறது. இரண்டாவதில் அது திட்டமிட்ட அளவு, இன்னும் முடிந்திருக்க வேண்டியதில்லை. மூன்றாவதில் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. மூன்றுக்கும் ஆங்கிலத்தில் 'ஃபார் த்ரீ டேஸ்' ஒன்றுதான். வேறுபாட்டைச் சுமப்பது வினைச்சொல். ஆகவே 'ஆக' என்று தமிழில் தோன்றினால் வினை 'ஹாஸ் பீன்', 'ஹேவ் பீன்' வடிவத்துக்குப் போக வேண்டும். 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்று எழுதுபவர் முன்னிடைச்சொல்லைத் திருத்திவிட்டு வினையைக் கோட்டை விட்டவர்.

இது வெறும் இலக்கணச் சுத்தம் பற்றிய பிடிவாதம் அல்ல. 'ஐ ஆம் ஹியர் ஃபார் டூ வீக்ஸ்' என்றால் இரண்டு வாரத்துக்கு வந்திருக்கிறேன் என்று பொருள், நேற்றுத்தான் வந்திருக்கலாம். 'ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் டூ வீக்ஸ்' என்றால் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. குடியேற்ற அதிகாரி முன்னால் நிற்பவர் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைச் சொன்னால் தேதிக் கணக்கே மாறிவிடும்.

'ஃபார்' எங்கே விடலாம், எங்கே விடக்கூடாது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. 'ஸ்டேய்ட் ஃபார் த்ரீ டேஸ்', 'ஸ்டேய்ட் த்ரீ டேஸ்' இரண்டும் சரி. வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தாலோ, வினை எதிர்மறையாக இருந்தாலோ அதை விடாமல் எழுதுவதே நல்லது. 'ஆல்' வந்துவிட்டால் மட்டும் 'ஃபார்' வேண்டாம்: 'ஆல் டே', 'ஆல் நைட்' அவ்வளவுதான். 'ஃபார் ஆல் டே' என்பது நம் ஊர்ச் சரக்கு.

'டியூரிங்' பற்றிய குழப்பத்தைத் தமிழே தீர்த்துவைக்கும். அது எவ்வளவு நேரம் என்று சொல்லாது, எப்போது என்று சொல்லும். 'போரின்போது' என்கிறோம்; 'இரண்டு மணி நேரத்தின்போது' என்று யாராவது சொல்வார்களா? ஆங்கிலத்திலும் 'டியூரிங் டூ அவர்ஸ்' கிடையாது. 'போது' பொருந்தும் இடத்தில் 'டியூரிங்', 'முழுவதும்' பொருந்தும் இடத்தில் 'த்ரூஅவுட்'.

மொழிபெயர்ப்பு மேசையில் அதிகம் வழுக்கும் சொல் 'ஓவர்'. 'ஓவர் த நெக்ஸ்ட் டென் இயர்ஸ்' என்பது 'அடுத்த பத்து ஆண்டுகளுக்கு மேல்' ஆகிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. அதன் பொருள், அடுத்த பத்து ஆண்டுகளில் படிப்படியாக என்பது. ஒரு திட்டத்துக்கான தொகை அந்தக் காலத்துக்குள் பிரித்துக் கொடுக்கப்படும் என்ற செய்தி, பத்து ஆண்டு தாண்டித்தான் கிடைக்கும் என்று தலைகீழாகிவிடும். கண்டுபிடிக்க எளிய சோதனை இருக்கிறது. 'ஓவர்' இருக்கும் இடத்தில் 'மோர் தேன்' வைத்துப் படியுங்கள். வாக்கியம் நின்றால் 'மேல்'. இடறினால் 'காலத்தில்', 'போக்கில்', 'ஆக ஆக' போன்றவை. 'லாஸ்டட் ஓவர் டென் இயர்ஸ்' நிற்கும். 'ஸ்ப்ரெட் ஓவர் டென் இயர்ஸ்' நிற்காது. 'த', 'நெக்ஸ்ட்', 'லாஸ்ட்', 'பாஸ்ட்' ஏதாவது நடுவில் இருந்தால் பெரும்பாலும் சோதனையே தேவைப்படாது.

'இன்' கொஞ்சம் நுட்பமானது. 'இன் டூ அவர்ஸ்' படித்தான் என்றால் முடித்துவிட்டான். 'ஃபார் டூ அவர்ஸ்' படித்தான் என்றால் முடித்தானா இல்லையா என்று தெரியாது. தமிழில் 'இரண்டு மணி நேரத்தில் படித்தான்', 'இரண்டு மணி நேரம் படித்தான்' என்று அப்படியே பொருந்துகிறது. வருங்காலத்தில் 'இன் டூ வீக்ஸ்' என்பது இரண்டு வாரம் கழித்து. 'வித்தின் டூ வீக்ஸ்' என்பது இரண்டு வாரத்துக்குள். கடைசி நாள் குறித்த அறிவிப்புகளில் இதை மாற்றிப் போட்டால் விளைவு தெரிந்ததே. நெடுங்காலத்தைச் சொல்லும் 'இன் இயர்ஸ்', 'இன் ஏஜஸ்' போன்றவை எதிர்மறையோடும் உச்ச அளவைச் சொல்லும் சொற்களோடும் வரும். 'பல வருஷமாக இங்கே வசிக்கிறேன்' என்பதற்கு 'இன் இயர்ஸ்' உதவாது. 'த வர்ஸ்ட் ஃப்ளட் இன் ஃபிஃப்டி இயர்ஸ்' என்பதை நம் செய்தியாளர்கள் '50 ஆண்டுகளில் இல்லாத வெள்ளம்' என்று எழுதுகிறார்கள். உச்சத்தை எதிர்மறையாக்கிச் சொல்லும் அந்த வழக்கு, 'மிக மோசமான வெள்ளம்' என்ற நேர் மொழிபெயர்ப்பைவிட எவ்வளவோ மேல்.

'அன்டில்', 'பை' இரண்டையும் 'வரை', 'க்குள்' என்று பிரித்துக்கொண்டால் போதும். 'நாட் அன்டில் ஃப்ரைடே' மட்டும் கவனம் கேட்கும். 'முடிவு வெள்ளிக்கிழமை வரை வராது' என்று எழுதினால் வெள்ளியன்று வருமா, சனிக்கிழமைதானா என்று வாசகர் விழிப்பார். 'வெள்ளிக்கிழமைக்கு முன் வராது' என்றால் சந்தேகம் தீர்ந்தது. அமெரிக்க வழக்கில் 'மண்டே த்ரூ ஃப்ரைடே' என்றால் வெள்ளியும் சேர்த்தி.

மிக நீண்ட காலத்தைச் சொல்ல ஆங்கிலம் பன்மையை வெறுமனே நிறுத்துகிறது: 'ஃபார் அவர்ஸ்', 'ஃபார் டேஸ்'. எண் இல்லாததுதான் அங்கே கனம். நம்மிடம் அதற்கு 'கணக்கில்' இருக்கிறது: மணிக்கணக்கில், மாதக்கணக்கில். பின்னால் 'ஆன் எண்ட்' ஒட்டினால் இடைவிடாமல் என்ற பொருள் சேரும்; 'ஃபார் நைட்ஸ் ஆன் எண்ட்' என்பதற்கு 'ராத்திரி ராத்திரியாக' என்று எழுதலாம். 'பல இரவுகளின் முடிவில்' என்று எழுதினால் கதை கெட்டது. 'லெஃப்ட் ஃபார் குட்' என்பதும் அப்படியே: ஒரேயடியாகப் போய்விட்டார் என்று பொருள், நன்மைக்காகப் போகவில்லை.

தூரத்துக்கும் இதே 'ஃபார்' வருகிறது. 'ஃபார் மைல்ஸ்' என்றால் மைல்கணக்கில். 'அரவுண்ட்' சேர்ந்தால் சுற்றுவட்டாரம் முழுக்க. 'அலாங்' இன்னும் அழகு. பழைய ஆங்கிலத்தில் அதன் வடிவம் 'ஆண்ட்லாங்'. உள்ளே 'லாங்', அதாவது நீளம், இருக்கிறது. அந்தக் காலத்தில் 'நாள் முழுக்க' என்று சொல்லவும் அதையே பயன்படுத்தினார்கள். நம் 'நெடுக' பிறந்ததும் 'நெடு' என்பதிலிருந்துதானே! 'ஆல் அலாங் த ரோட்' என்பதற்கு 'வழிநெடுக' என்பதைவிடப் பொருத்தமான சொல்லைத் தேட வேண்டாம். பின்னால் பெயர்ச்சொல் இல்லாமல் 'ஆல் அலாங்' தனியே நின்றால் மட்டும் 'முதலிலிருந்தே' என்று ஆகும்.

'அட் லெங்த்' என்பதற்கு இரண்டு பொருள். பேசினார், விளக்கினார் போன்ற வினைகளுக்குப் பின்னால் வந்தால் விரிவாக, வெகுநேரம். பழைய நடையில் வாக்கியத் தொடக்கத்தில் வந்தால் 'ஒருவழியாக', 'கடைசியில்'. நடுவில் 'கிரேட்' வந்தால் முதல் பொருள்தான். அளவுகோல் வைக்கும் நீளத்துக்கு 'இன் லெங்த்' என்பது தனி.

பயிற்சிப் பகுதியில் அடுத்த முறை அட்டவணை போடும்போது, காலம் சொல்லும் 'ஃபார்' எதிரே 'ஆக', 'க்கு', உருபில்லாத அளவு ஆகிய மூன்றையும் ஆளுக்கொரு வாக்கியத்தோடு அச்சிடுங்கள். 'க்காக' என்பது நோக்கம் சொல்லும் 'ஃபார்' எதிரே மட்டும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்புப் பணியில் உள்ள வாசகர்