காலைக் கொடுத்தவர்களுக்குப் பொருந்தும் காலைக் கொடுங்கள்: பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு பாதுகாப்புத் துறை அமைச்சர் அவர்களுக்கும், முன்னாள் படைவீரர் நலத் துறை உயர் அலுவலர்களுக்கும் வணக்கம்.

பாகிஸ்தான் எல்லையில் நம் படைகள் குவிக்கப்பட்ட பராக்கிரம் நடவடிக்கையின்போது மேற்கு எல்லையில் புதைக்கப்பட்ட கண்ணிவெடிகளை 2002-ஆம் ஆண்டில் அகற்றும் பணியிலிருந்தபோது, வலது காலை முழங்காலுக்கு மேலே இழந்த ஒரு நாயக்கின் (சிப்பாய்க்கு மேலான ஒரு படைப் பதவி) மகள் நான். போரில் உறுப்பிழந்த வீரர்களுக்கு நவீன செயற்கைக் கால்கள் வழங்கப்பட வேண்டும் என்று பேசப்படும்போதெல்லாம் எங்கள் வீட்டில் மகிழ்ச்சியோடு கேட்கிறோம். ஆனால் அந்தப் பேச்சு பெரும்பாலும் செயற்கை முட்டியின் விலையோடு நின்றுவிடுகிறது. அதைத் தாண்டிச் சிலவற்றைச் சொல்லவே இந்த மடல்.

அப்பா காலையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, எஞ்சியிருக்கும் தொடையின் மீது பருத்தி உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்து மாட்டுவார். எஞ்சிய தொடையைச் செருகும் கிண்ணம் போன்ற பகுதியான சாக்கெட் புதிதாக வந்த காலத்தில் ஓர் உறை போதும். தசை மெலிய மெலிய இரண்டாகி, மூன்றாகி, இப்போது ஐந்தில் வந்து நிற்கிறது. உறைகளை எண்ணினாலே அந்தச் சாக்கெட்டுக்கு எவ்வளவு வயதாகிவிட்டது என்பது எங்களுக்குத் தெரிந்துவிடும். வேலூர் வெயிலில் நண்பகலுக்குள் உள்ளே வியர்வை தேங்கி, ஒவ்வோர் அடிக்கும் கால் வழுகத் தொடங்கும். மாலையில் கழற்றும்போது தோல் சிவந்து கன்றியிருக்கும். அம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிடுவார். அன்று இரவு அப்பா ஊன்றுகோலோடுதான் நடமாடுவார்.

நுண்செயலி (சிறு கணினிச் சில்லு) பொருத்திய முட்டி என்ன செய்யும் என்பதை நாங்கள் அறிவோம். முட்டி மடங்கும் கோணத்தையும் அதன்மேல் இறங்கும் எடையையும் உணரிகள் இடைவிடாமல் அளக்க, அதற்கேற்ப உள்ளிருக்கும் எண்ணெய் அழுத்தம் கூடிக் குறைந்து, கால் இடறினாலும் முட்டி சட்டென்று மடிந்துவிடாமல் தாங்கும். பேருந்துப் படியிலும் வயல் வரப்பிலும் ஒருவரைக் கீழே விழாமல் காப்பது அந்த ஒரு நொடிதான். அத்தகைய ஒரு முட்டி அப்பாவுக்கும் ஒருமுறை கிடைத்தது. கொடுத்த இடம் எது என்று சொல்ல விரும்பவில்லை. ஒரே நாளில் அளவெடுத்துச் செய்த சாக்கெட் இடுப்பெலும்பின் அடியில் அழுத்திப் புண்ணாக்கிவிட்டது. திருத்தித் தருவதற்கு அருகில் ஆளில்லை. எட்டு மாதங்கள் அந்த முட்டி எங்கள் பீரோவில், அவருடைய சீருடைக்குப் பக்கத்தில், துணியில் சுற்றிக் கிடந்தது.

1944-இல் தொடங்கப்பட்ட புனே செயற்கை உறுப்பு மையம் மூன்று தலைமுறை வீரர்களை எழுந்து நடக்கவைத்திருக்கிறது. அதன்மீது எங்களுக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் சாக்கெட்டில் ஒரு சிறு திருத்தம் வேண்டும் என்பதற்காக அறுபது வயதானவர் ஒற்றைக் காலோடு வடக்கே ரயிலேற வேண்டியிருக்கக் கூடாது. படைவீரர் குடும்பங்கள் நிறைந்த வேலூர் போன்ற மாவட்டங்களின் இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டம்) மருத்துவமனைகளுக்கு, மாதம் ஒரு குறித்த நாளிலாவது, அளவெடுக்கவும் பழுது நீக்கவும் தெரிந்த செயற்கை உறுப்பு வல்லுநர் ஒருவர் கருவிகளோடு வந்துபோக ஏற்பாடு செய்யுங்கள். முட்டிக்கு ஒப்புதல் அளிக்கும் அதே ஆணையில், சாக்கெட்டைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவதற்கும், சிலிகோன் உறைக்கும், பேட்டரிக்கும், நடைப்பயிற்சிக்கான வாரங்களுக்கும் சேர்த்தே நிதி ஒதுக்குங்கள். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் தனி மனு, தனி ஒப்புதல் என்றால் மனிதர் சலித்துப்போய்ப் பழைய காலுக்கே திரும்பிவிடுகிறார்.

1971 போரில் காலை இழந்த இராணுவ அதிகாரி இயான் கார்டோசோ, மரக்காலோடு படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கி, மேஜர் ஜெனரல் வரை உயர்ந்தார். அவரை எண்ணிப் பெருமைப்படாத படைவீரர் குடும்பம் இருக்காது. ஆனால் சிப்பாயாகவும் நாயக்காகவும் ஊர் திரும்பியவர்களுக்கு ஏர் ஓட்டும் நிலமும், தண்ணீர் இறைக்கும் கிணறும், குந்தி உட்காரும் கழிப்பறையும்தான் களம். எந்தக் கால் யாருக்கு என்று முடிவு செய்யும்போது பதவியையும் வயதையும் பார்க்காமல், அவர் அன்றாடம் நடக்கும் நிலத்தைப் பாருங்கள்.

நம் நாட்டிலேயே வழி பிறந்திருக்கிறது. சென்னை ஐஐடி உருவாக்கிய 'கதம்' என்னும், பல அச்சுகளில் மடங்கும் செயற்கை முட்டி 2022-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் இஸ்ரோவும் சுமார் 1.6 கிலோ எடையுள்ள நுண்செயலி முட்டியை உருவாக்கி வருவதாக அறிவித்தது. இத்தகைய முட்டிகளைச் சோதித்துப் பார்க்கும்போது, ஆய்வகத்தின் வழவழப்பான தரையோடு நிறுத்திவிடாமல், கிராமத்தில் வாழும் உறுப்பிழந்த முன்னாள் வீரர்களையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். சேற்றில் அந்த முட்டி எப்படி நடந்துகொள்கிறது என்பதை என் அப்பாவைப் போன்றவர்கள் ஒரே வாரத்தில் சொல்லிவிடுவார்கள். அழைத்தால் வருவதற்கு அவர் ஆயத்தமாக இருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் படைவீரரின் மகள்,
வேலூர் மாவட்டம்