முதல் பக்கத்தில் நான்காவது பாட்டு

அன்பு மகளுக்கு,

பார்சலைப் பிரித்ததும் சிரிப்பாய், தெரியும். ரெக்கார்ட் பிளேயர் வாங்கியிருக்கிறாயாம், பழைய இசைத்தட்டு ஏதாவது வீட்டில் கிடக்கிறதா என்று தம்பியிடம் கேட்டாயாம். என்னிடம் கேட்கவில்லை. அது இருக்கட்டும். அப்பாவின் சீர்காழித் தட்டுகளைக் கேட்டுப் பார்த்தேன். தன்னை எரித்த பிறகு எடுத்துக்கொள்ளட்டும் என்றார். ஆகவே என்னுடையதை அனுப்புகிறேன். ஸ்க்வீஸ் என்ற லண்டன் பாப் இசைக்குழுவின் 'சிங்கிள்ஸ்: 45'ஸ் அண்ட் அண்டர்'. 1982 கடைசியில் வந்தது. சின்ன வயதில் இதன் உறையை வைத்துத்தான் நீ கடை விளையாட்டு விளையாடினாய். மூலையில் இருக்கும் பென்சில் விலை உன் கையெழுத்து.

நான் லண்டனுக்கு வந்தது 1983 பிப்ரவரியில். அப்பா அதற்கு நான்கு வருடம் முன்னரே கணக்கியல் படிக்க வந்து, பகலில் வகுப்பும் இரவில் பெட்ரோல் நிலையமுமாக இருந்தார். நியூ கிராஸில் ஓர் அறை. சமையலறை நான்கு குடித்தனத்துக்குப் பொது. வந்த இரண்டாம் சனிக்கிழமை என்னை டெப்ட்ஃபோர்ட் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெங்காயம் வாங்கப் போனவர், பழைய சாமான் விற்கிறவரிடம் இந்தத் தட்டை வாங்கிவிட்டார். வீட்டில் அதைப் போட்டுக் கேட்க ஒரு கருவியும் இல்லை! ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டேன். "இது இந்தத் தெருப் பையன்கள் பாடியது என்று கடைக்காரர் சொல்கிறார்" என்றார். ஊர்ப்பற்றுக்கு இவரிடம் ஒரு கணக்கு வழக்கும் கிடையாது, வந்து நான்கு வருடத்திலேயே டெப்ட்ஃபோர்டுக்காரர் ஆகிவிட்டிருந்தார். ஆறு மாதம் அந்தத் தட்டு அரிசி வாளியின் மேல் மூடிபோல் கிடந்தது. பிறகுதான் ஒரு பழைய பிளேயர் கிடைத்தது.

கடைக்காரர் சொன்னது உண்மைதான். கிறிஸ் டிஃபோர்ட் என்ற பையன் அம்மாவின் பணப்பையிலிருந்து 50 பென்ஸ் திருடி, ஒரு மிட்டாய்க் கடைக் கண்ணாடியில் கிடார் வாசிப்பவர் தேவை என்று அட்டை வைத்திருக்கிறான். அதைப் பார்த்து வந்தது ஒரே ஓர் ஆள், கிளென் டில்புரூக். 1974இல் குழு தொடங்கிவிட்டது. பியானோவுக்கு ஜூல்ஸ் ஹாலண்ட். பின்னாளில் பிபிசியில் இரவு நேர இசை நிகழ்ச்சி நடத்தியவர், உனக்குத் தெரிந்த முகம். டிஃபோர்ட் சொற்களை எழுதித் தாளைக் கொடுத்துவிடுவார். டில்புரூக் அதை எடுத்துப்போய் மெட்டுப் போடுவார். நம் ஊரில் பாட்டு எழுதுகிறவரும் இசை அமைப்பவரும் வேறு வேறு ஆட்கள் என்பதால் எனக்கு இது புதுமையாகவே படவில்லை. இங்கே இதை ஒரு விசேஷமாக எழுதுகிறார்கள்.

இருவரும் சேர்ந்து பாடும் விதத்தைக் கவனி. ஒரே மெட்டை டில்புரூக் மேல் ஸ்தாயியிலும் டிஃபோர்ட் கீழ் ஸ்தாயியிலும் பாடுவார்கள். நல்ல குரலுக்கு அடியில் ஒரு கரகரப்பு ஓடிக்கொண்டே இருக்கும், கோயிலில் சின்ன ஐயரும் பெரிய ஐயரும் ஒன்றாக மந்திரம் சொல்வதுபோல. முதல் பாட்டிலேயே கேட்கும்.

நீ பள்ளியில் படித்த காலத்தில் "அம்மா, இவர்களை யாருக்கும் தெரியாது, வேறு ஏதாவது போடுங்கள்" என்று கதவைச் சாத்துவாய். யாருக்கும் தெரியாது என்பது பிழை. ஆனால் உரிய இடம் கிடைக்கவில்லை என்றால் ஒத்துக்கொள்கிறேன். இந்தத் தட்டில் பன்னிரண்டு பாட்டு. அவற்றில் ஐந்து, தனித் தட்டாக வந்தபோது விற்பனைப் பட்டியலின் முதல் நாற்பதுக்குள்கூட நுழையவில்லை. 'டெம்ப்டட்' 41ஆம் இடத்தில் நின்றுவிட்டது. இன்றைக்கு ஸ்க்வீஸ் என்றால் பலரும் சொல்வது அதைத்தான். 'கூல் ஃபார் கேட்ஸ்', 'அப் த ஜங்ஷன்' இரண்டும் 1979இல் இரண்டாம் இடம் வரை ஏறின. முதல் இடம் ஒருநாளும் கிடைக்கவில்லை. பிறகு வேடிக்கையைப் பார்: 1982இல் குழு கலைந்துவிட்டது, கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து இதை வெளியிட்டார்கள், இது மூன்றாம் இடத்துக்குப் போயிற்று. அமெரிக்காவில் பத்து லட்சத்தைத் தாண்டியது. உதிரியாக விலைபோகாதது பொதியாகப் போயிற்று. சந்தையில் வெண்டிக்காய் விற்கிறவருக்கு இந்த வித்தை தெரியும்.

தலைப்பில் இருக்கும் 45 என்பது நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் அந்தச் சின்னத் தட்டுகளைக் குறிக்கிறது. இந்தப் பெரிய தட்டோ 33 சுற்றில் ஓடுவது. உன் பிளேயரில் விசையை மாற்றி வைத்துவிட்டு, குரல் எலிக்குஞ்சு மாதிரி இருக்கிறது என்று எனக்குத் தகவல் அனுப்பாதே. அப்பா ஒரு வாரம் அப்படித்தான் கேட்டார்.

என் ஆங்கிலத்துக்கு இந்தத் தட்டு ஒரு வாத்தியார். யாழ்ப்பாணத்தில் நான் படித்த ஆங்கிலத்தில் இலக்கணம் சுத்தமாக இருந்தது, ஆனால் நியூ கிராஸ் பஸ்ஸில் அதைப் பேசினால் நடத்துநருக்கு விளங்காது, அவர் பேசுவது எனக்கு விளங்காது. 'கூல் ஃபார் கேட்ஸ்' பாட்டில் டிஃபோர்ட் பாடவே மாட்டார், தென்கிழக்கு லண்டன் வாயால் கதை அளப்பார். பாதிச் சொல்லை விழுங்கிவிடுவார். அதை முப்பது தரம் கேட்ட பிறகு, பொதுச் சமையலறையில் என்னோடு கேஸ் அடுப்புக்குச் சண்டை போட்டவன் என்னைத் திட்டுகிறானா, காலை வணக்கம் சொல்கிறானா என்று பிரித்தறியத் தெரிந்துகொண்டேன். (திட்டித்தான் இருந்தான்.)

இவர்கள் எதைப் பற்றிப் பாடினார்கள் என்பதையும் சொல்லவேண்டும். காதல்தான், யார்தான் பாடவில்லை. ஆனால் இவர்களுடைய காதலில் பல்துலக்கும் பிரஷ் இருக்கும். 'டெம்ப்டட்' தொடங்குவதே ஒருவன் பயணத்துக்குச் சாமான் வாங்குவதில்தான்: பிரஷ், பற்பசை, முகம் துடைக்கும் துணி, பைஜாமா, தலைவாரும் பிரஷ். விமான நிலையத்துக்கு டாக்சியில் போகும்போது டிஃபோர்ட் எழுதியதாம். பாடுவது பால் கரேக், அப்போதுதான் ஹாலண்டின் இடத்துக்கு வந்தவர். குழுவுக்குப் பெயர் வாங்கித் தந்த பாட்டை, புதிதாக வந்தவரிடம் டில்புரூக் விட்டுக்கொடுத்திருக்கிறார். 'பிளாக் காஃபி இன் பெட்' என்ற பாட்டில் பிரிந்துபோனவள் விட்டுச்சென்றது நோட்டுப் புத்தகத்தில் ஒரு காப்பிக் கறை. 'புல்லிங் மஸல்ஸ்' கடற்கரை விடுமுறை முகாம். மழைக்கும் மணலுக்கும் நடுவே ஆங்கிலேயர்கள் எப்படி வம்புக்குச் சந்தோஷப்படுகிறார்கள் என்று அதைக் கேட்டுத்தான் அறிந்தேன். நாம் மார்கேட்டுக்குப் போனபோது நீ ஐஸ்கிரீமை மணலில் போட்டுவிட்டு அழுததும் அப்படி ஒரு நாளில்தான்.

'லேபல்ட் வித் லவ்' அப்பாவுக்குப் பிடித்தது. யுத்தகாலத்தில் அமெரிக்க விமானியைக் கட்டி டெக்ஸாஸ் போய், அவன் செத்த பிறகு திரும்பி வந்து, போத்தலோடு தனியே இருக்கும் கிழவி. நாட்டுப்புற அமெரிக்க மெட்டு. அந்த நாளில் நம் மாடிக்கு மேலே ஒரு கிழவி இருந்தாள், வாசலில் பால் போத்தலைவிட மற்றப் போத்தல்தான் அதிகம் நிற்கும். அப்பா அவளை டெக்ஸாஸ்காரி என்றே சொல்லுவார். பாவம், அவள் கேட்ஃபோர்டுக்கு அப்பால் போனதில்லை.

இனி நான்காவது பாட்டு. 'அப் த ஜங்ஷன்'. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன் என்று நீ கண்டுபிடித்திருப்பாய்.

இதில் பல்லவி கிடையாது. மூன்று நிமிடம் ஒரே ஓட்டமாகக் கதை, திரும்பி வருகிற வரியே இல்லை. தலைப்பு கடைசி வரியில் ஒரேயொரு தரம் வரும், அதோடு பாட்டு முடிந்தது. 'ஹேப்பன்' என்ற சொல்லுக்கு 'கிளாப்பம்' என்ற ஊரை இயைபாகப் போட்டுத் தொடங்குகிறார்கள். எங்கள் தமிழ் ஆசிரியை கேட்டிருந்தால் கையில் ஓர் அடி கொடுத்திருப்பார், பிறகு தனியே சிரித்திருப்பார். தலைப்பைக் கேட்டு நான் கிளாப்பம் ஜங்ஷன் ரயில் நிலையம் என்றுதான் நினைத்தேன். அந்த நிலையமே கிளாப்பத்தில் இல்லை, பாட்டர்சியில் இருக்கிறது, அது வேறு கதை. இங்கே அதன் பொருள் நடுத்தெருவில் நிற்பது.

ஒரு பையன், கிளாப்பத்துப் பெண். நிலவறை வீடு ஒன்றுக்குக் குடிபோகிறார்கள். ஸ்டான்லி என்கிறவனிடம் வேலை, வாரா வாரம் பணம் மிச்சம் பிடிக்கிறான். விடிய 4:50க்கு அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறான், அரை மணியில் மகள். பிள்ளை நடக்கிறது. பிறகு அவன் குடி. இப்போது மகளுக்கு இன்னும் இரண்டு வயது கூடிவிட்டது, தாய் ஒரு சிப்பாயோடு இருக்கிறாள், இவன் சமையலறையில் தனியே.

நாற்பது வருடமாக எனக்கு அவன்மேல்தான் பாவமாக இருந்தது. இருக்காதா? கதையைச் சொல்வதே அவன்தான். அதுவும் டில்புரூக்கின் குரலில். அந்தக் குரலில் கடன்காரன் வந்து கேட்டாலும் கொடுத்துவிடுவோம். போன வாரம் பார்சல் கட்டுமுன் கடைசியாக ஒருமுறை கேட்டேன். மிச்சம் பிடித்த காசை வாரக்கணக்காகச் சொல்கிறவன், குடித்துவிட்டு வந்த இரவுகளுக்குக் கணக்கு வைக்கவில்லை. மதுக்கடை, தெரு, பந்தயக்காரன் என்று மூன்று சொல்லில் முடித்துவிடுகிறான். அவள் அந்த நிலவறையில் பிள்ளையோடு என்ன செய்தாள்? ஒரு வரி இல்லை. பாட்டு முழுவதிலும் அவள் தன் பக்கத்துக்கு வாய் திறக்கவில்லை. கடைசியில் அவள் கடிதம் எழுதமாட்டேன் என்கிறாள் என்று குறை வேறு. மன்னிப்புக் கேட்கலாம், ஆனால் கெஞ்சுவது தன் வேலை இல்லையாம்.

அந்த இடத்தில் ஊசியைத் தூக்கிவிட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன் இரவு பதினொன்றரைக்கு நீ அழைத்தாய். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறப்படுகிறேன் என்றாய். குடிக்காத ஆம்பிளை எங்கே இருக்கிறான், பிள்ளைக்காகப் பொறு என்றேன். பிறகு மாப்பிள்ளை எனக்கு அழைத்து, தன் பக்கத்தை ஒரு மணி நேரம் சொன்னார். அழகாகச் சொன்னார். வேலை, வீட்டுக் கடன், உனக்கு வாங்கித் தந்தது எல்லாம் கணக்காகச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். உன்னிடம் அப்படி ஒரு மணி நேரம் கேட்கவில்லை. அன்றைக்கு அந்தப் பதினொன்றரைக்கு உன் குரலுக்குப் பின்னால் பிள்ளை அழுதது எனக்குக் கேட்டது, மகள். கேட்டும் அப்படிச் சொன்னேன். சொன்னது பிழை.

அதன்பிறகு நாம் கிளாஸ்கோ மழையைப் பற்றியும் பேத்தியின் தடுப்பூசியைப் பற்றியும்தான் கதைக்கிறோம். தொலைபேசியில் நான் தொடங்கினால் அப்பா பின்னாலிருந்து ஏதாவது கத்துவார், நீ சிரிப்பாய், பேச்சு மாறிவிடும். அதனால் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் நீ வேகமாக வாசித்திருப்பாய். மெதுவாக வாசிக்கட்டும் என்றுதான் தமிழ்.

தட்டைப் பற்றி இரண்டு விஷயம். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு 'அனதர் நெயில் இன் மை ஹார்ட்'. கிடார் தனியாவர்த்தனம் பொதுவாகப் பாட்டு முடியப்போகும்போது வரும், இதில் ஒரு சரணம் முடிந்ததுமே வந்துவிடும். தட்டுப் பழுதென்று நினைத்துவிடாதே. பழுது இருப்பது இரண்டாம் பக்கத்தில், 'லேபல்ட் வித் லவ்' நடுவில். நீ மூன்று வயதில் கரண்டியால் போட்ட கீறல். கிழவி கிளாஸைத் தூக்கியபடியே நின்றுவிடுவாள். விரல் நுனியால் ஊசியின் கையை லேசாகத் தட்டினால் போதும். பேத்திக்குக் காட்டிக்கொடு, தட்டுகிற வேலை அவளுக்குப் பிடிக்கும். கரண்டியை மட்டும் ஒளித்து வை.

பெட்டியில் தட்டுக்குக் கீழே மிளகாய்த்தூள் இருக்கிறது. மூன்று பை கட்டியிருக்கிறேன், இருந்தாலும் உறையில் மணம் ஏறியிருக்கும்.

அம்மா