ஒரு மாதிரி என்றால் என்ன மாதிரி?

பாளையங்கோட்டை
ஞாயிறு மதியம்

அன்புள்ள கோமதிக்கு,

நலம், நலமறிய ஆவல். அப்பாவுக்கு வலது கண் ஆபரேஷன் முடிந்து நன்றாக இருக்கிறார். மதினி வழக்கம்போல. பூனை குட்டி போட்டிருக்கிறது. இத்தனை நாள் எழுதாததற்கு நீ கொடுக்கப்போகும் வசவை நேரில் வாங்கிக்கொள்கிறேன், இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

“இங்க எல்லாம் ஒரு மாதிரி இருக்கு செல்வி. என்னன்னு சொல்லத் தெரியல.” என்று கடிதம் போட்டிருக்கிறாய். ஏட்டி, தமிழ் எம்.ஏ. படித்தவள் எழுதுகிற எழுத்தா இது? ஒரு மாதிரி என்றால் என்ன மாதிரி? பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிப் புறணி பேசினாலும் ‘அவ ஒரு மாதிரி’. ஊசிப்போகப் போகிற சாம்பாரும் ஒரு மாதிரி. காய்ச்சல் வருவதற்கு முந்தைய நாளும் ஒரு மாதிரி. இதில் நீ எதைச் சொல்கிறாய்?

கோபித்துக்கொள்ளாதே. இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்ச நாளாகவே கிறுக்கு முற்றியிருக்கிறது. நான் மெய்ப்புப் பார்க்கும் ஒரு நாவல்தான் காரணம். மொழிபெயர்ப்பு. யாருடையது என்று கேட்காதே. அதில் மழையில் ஒருவன் தூரத்தில் வருகிறான், ‘தெளிவற்ற உருவம்’. குடித்துவிட்டுப் பேசுகிறான், ‘தெளிவற்ற குரல்’. போலீஸ்காரர் கேட்டதற்கு ‘தெளிவற்ற பதில்’. சின்ன வயதில் செத்துப்போன அம்மாவைப் பற்றி ‘தெளிவற்ற நினைவு’. கடைசியில் அவன் மேல் போடுகிற வழக்கில் ‘தெளிவற்ற சட்டப்பிரிவு’. பென்சிலை எடுத்தேன். மங்கலான உருவம், குழறிய குரல், மழுப்பலான பதில், நிழலாடும் நினைவு, இரு பொருள்படும் பிரிவு என்று ஓரத்தில் எழுதி அனுப்பினேன். மொழிபெயர்ப்பாளரிடமிருந்து போன். “எல்லாமே ஒரே அர்த்தம்தானே மேடம், நீங்க ஏன் மாத்துறீங்க?”

ஒரே அர்த்தமா? எனக்கு அன்றைக்குத் தூக்கம் போயிற்று. இரவு தமிழ் லெக்சிகனை, அந்தப் பேரகராதியை, இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதியாகப் போட்டது, நம்ம ஜில்லாக்காரர் வையாபுரிப்பிள்ளை ஆசிரியராக இருந்து முடித்தது. எதைத் தேடுகிறேன் என்று தெரியாமலே புரட்டினேன். கலங்கல், குழப்பம், சிக்கல், பூடகம், மசங்கல், மயக்கம், மருள், மூட்டம். விடிய விடியப் புரட்டியதில் ஒன்று பிடிபட்டது. இவற்றில் ஒவ்வொன்றும், தெளிவு எங்கே கெட்டது என்று சேர்த்தே சொல்லிவிடுகிறது.

மசங்கல் என்றால் கோளாறு வெளிச்சத்தில். பொருளும் சரி, கண்ணும் சரி, பொழுதுதான் சாய்ந்துவிட்டது. வெள்ளெழுத்து என்றால் கோளாறு கண்ணில், புத்தகத்தைக் குறை சொல்லிப் பயன் இல்லை. குழறல் வாயின் குற்றம், பேசுகிறவன் சொல்லத்தான் பார்க்கிறான், நாக்கு ஒத்துழைக்கவில்லை. மழுப்பல் அப்படியா? நாக்கு நன்றாகவே புரளும், சொல்ல மனம்தான் இல்லை. பெண் பார்த்து, பஜ்ஜி சாப்பிட்டு, “வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம்” என்று எழுந்து போகிறார்களே, அது. எங்கள் தெருவிளக்குக்கு மனுக் கொடுத்ததற்கு ‘தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு தாள் வந்தது. அதுவும் இந்த ஜாதிதான். பூடகம் இன்னொரு வகை. அதைச் சொல்கிறவருக்கு, புரிய வேண்டியவருக்கு மட்டும் புரிய வேண்டும். நம் ஹாஸ்டல் வார்டன் அம்மா “சில பேருக்குப் புளியோதரை ரொம்பப் பிடிக்கும் போல” என்றபோது மெஸ்ஸே பேசாமல் இருந்தது, நம் இரண்டு பேருக்கு மட்டும் தொண்டையில் சிக்கியது.

சிலேடையை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது என்று அப்பா சண்டைக்கு வருகிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். காளமேகம் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் அடைத்தால், அது தெளிவில்லாத பாட்டா? இரண்டு தரம் தெளிவான பாட்டு. சித்தர்களின் பரிபாஷை, அந்த மறைமொழி, பூட்டின பெட்டி, சாவி ஆசானிடம் இருக்கும். நம் மாலதி எழுதிய கவிதைகள்தான் இருண்மை. அதற்கு அவளிடமே சாவி கிடையாது. இதை அவளிடம் சொல்லிவிடாதே.

அப்பா என்றதும் ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் உட்கார்த்தி வைத்து விவரம் எழுதின பெண் சின்னப்பிள்ளை, பாவம், வரிசை நீளம். “மங்கலா தெரியுதா தாத்தா?” என்றது. “மங்கல் இல்ல தாயி” என்று ஆரம்பித்தார். “விளக்கப் பாத்தா ஒளி சிதறுது. இடது கண்ணப் பொத்திக்கிட்டு எழுத்தப் பாத்தா இரட்டையா நிக்குது. வெயில்ல கூசுது, மத்தியானம் ரோட்டுல ஒண்ணும் ஓடமாட்டேங்குது. மசங்கிட்டா தேவல, அப்பந்தான் ஆள் முகம் தெரியுது.” அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தாளில் ‘மங்கல்’ என்று ஒரே சொல் எழுதியது. உள்ளே டாக்டரம்மாவிடம் அப்பா மறுபடியும் முதலிலிருந்து ஒப்பித்தார். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். வெயிலில் மோசம், மசங்கினால் தேவலை என்றால் புரை லென்ஸின் பின்பக்கத்தில், நடுவில் இருக்க வாய்ப்பு அதிகமாம். வெளிச்சத்தில் கண்பாவை சுருங்கும்போது பார்வை அந்தப் புரை வழியாகத்தான் போயாக வேண்டும். பொழுது சாய்ந்ததும் பாவை விரிகிறது, ஓரத்து வழியாகக் கொஞ்சம் தப்பித்துக்கொள்கிறது. சொட்டு மருந்து விட்டு, மிஷினில் பார்த்தபோதும் அதேதான். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இப்போது புதுக் கண்ணால் சுவரைப் பார்த்து “இது வெள்ளைச் சுண்ணாம்பா? நான் சந்தனக் கலர்னுல்லா நினைச்சேன்” என்று மதினியை வம்புக்கு இழுத்துக்கொண்டிருக்கிறார்.

சரி, தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரையாகப் படித்தோமே, சேனாவரையம், நினைவிருக்கிறதா உனக்கு? அதில் கிளவியாக்கம் என்ற இயலில் ஐயக்கிளவி, சந்தேகத்தைச் சொல்லும் சொல். மூன்றாம் மாடி விளக்கு எரியாத அன்று யாரோ படியில் நிற்க, நீ என் கையைக் கிள்ளி “குற்றி கொல்லோ மகன் கொல்லோ” என்றாயே, அது. அன்றைக்குச் சிரித்ததோடு சரி. இப்போது எடுத்துப் படித்தால் அசந்துபோகிறேன். தூரத்தில் தெரிவது ஆள்தான், ஆணா பெண்ணா தெரியவில்லை என்றால் ‘ஆண்மகன் கொல்லோ பெண்டாட்டி கொல்லோ தோன்றுவார்’ என்று பன்மையில் சொல். ஆளா மரக்கட்டையா என்றே தெரியவில்லையா, ‘தோன்றாநின்ற உருபு’ என்று நிறுத்திக்கொள். பிறகு கிட்டே போய்த் தெரிந்தால் ‘குற்றி அன்று, மகன்’ என்று தெளிந்து சொல். எவ்வளவு தெரியுமோ அவ்வளவுக்கு மட்டும் வாயைத் திற என்பதற்கு ஓர் இலக்கணம் வகுத்து வைத்திருக்கிறார்கள், கோமதி! தெரியாததை மறைக்கவும் வேண்டாம், தெரிந்த மாதிரி அளக்கவும் வேண்டாம். நன்னூலோ இன்னொரு பக்கம், படிக்கிறவன் தடுமாறும்படி எழுதுவதை ‘மயங்க வைத்தல்’ என்று பத்துக் குற்றத்தில் ஒன்றாகவே போட்டுவிட்டது. காணும்போது வரும் ஐயத்துக்கு இடம் கொடுத்தவர்கள், சொல்லும்போது உண்டாக்கும் மயக்கத்துக்கு இடம் கொடுக்கவில்லை. அந்த மொழிபெயர்ப்பாளருக்கு இதை எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. அடுத்த கட்டுத் தாள் வந்திருக்கிறது, அதில் ‘தெளிவற்ற’ போய் எல்லா இடத்திலும் ‘மங்கலான’ வந்திருக்கிறது. மங்கலான பதிலாம்!

இனி உன் விஷயம். விளையாட்டை விட்டுவிட்டுக் கேட்கிறேன்.

உன் வீட்டுக்காரர் வேலையை விட்டுவிட்டார் என்று சரசு சொன்னாள். விட்டாரா, அனுப்பிவிட்டார்களா என்று கேட்டால் அவளுக்கும் அரைகுறையாகத்தான் தெரிகிறது. நீயோ ‘ஒரு மாதிரி’ என்கிறாய். என்ன சொல் என்று தெரியாமல் நான் இங்கே உட்கார்ந்து என்ன செய்ய முடியும்? வீட்டில் நடப்பது கலங்கலா? ஆற்றில் புதுத்தண்ணி வந்தால் என் ஆச்சி பானையின் உள்பக்கத்தில் தேத்தாங்கொட்டையை வட்டமாக இழைத்து, தண்ணீரை ஊற்றி மூடிவைப்பாள். இழைத்தபின் பானையைத் தொடக் கூடாது, எங்களை அடுப்பங்கரைப் பக்கமே விடமாட்டாள். மண் தானாக அடியில் இறங்கும். கலித்தொகைக் காலத்திலேயே தெரிந்த வைத்தியம் அது. கலங்கல் என்றால் அப்படிப் பேசாமல் இருந்தாலே போதும், நானும் தொந்தரவு செய்யமாட்டேன். ஆனால் சிக்கல் என்றால் சும்மா இருந்தால் இறுகும். கடன் ஏதாவது இருக்கிறதா? யாராவது உட்கார்ந்து நுனியைத் தேடி அவிழ்க்க வேண்டும், அதற்கு என் அண்ணன் இருக்கிறான், வங்கிக் காரியம் எல்லாம் அவனுக்கு அத்துபடி. அவர் உன்னிடம் மழுப்புகிறார் என்றால் அது வேறு, மடக்கித்தான் கேட்க வேண்டும். அதை நீதான் கேட்க முடியும். இல்லை, வீட்டில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, உனக்குத்தான் காரணமே இல்லாமல் மனசு இருண்டு கிடக்கிறது, காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை என்றால், அதற்கு டாக்டரிடம் போக வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அங்கேயும் போய் ‘ஒரு மாதிரி’ என்று சொல்லி வைக்காதே. எப்போது கூடுகிறது, எப்போது தேவலை, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று எங்கப்பா ஒப்பித்த மாதிரி ஒப்பி.

எந்தச் சொல்லும் பொருந்தவில்லையா, அப்போதும் எழுது. தெரிந்தவரை எழுது, ‘தோன்றாநின்ற உருபு’ என்றாவது எழுது. உன்னிடமிருந்து மொட்டையாக நாலு வரி வந்தால் எனக்கு இங்கே வேலை ஓடமாட்டேன் என்கிறது.

தீபாவளி கழிந்து அண்ணன் காரில் கோயம்புத்தூர் வருகிறான். நானும் ஏறிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன், இரண்டு நாள் இருப்பேன். வரட்டுமா, வேண்டாமா? ‘பார்க்கலாம்’ என்று மட்டும் பதில் போடாதே. தமிழில் அதைவிட மூட்டமான சொல் இன்னும் எனக்கு அகப்படவில்லை.

பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
செல்வி

பி.கு.: லெக்சிகன் நாலாம் தொகுதி உன்னிடம்தான் இருக்கிறது. ‘பூடகம்’ பார்க்க அடுத்த தெரு வாத்தியார் வீட்டுக்குப் போய், அவர் மனைவி கொடுத்த காப்பியையும் குடித்துவிட்டு வர வேண்டியிருந்தது. வரும்போது எடுத்துக்கொள்கிறேன், தேடி வை.