சீமைக்கருவேலம் அகற்றும் பணி: பெற்றோர் கவனத்திற்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

பள்ளிக்குப் பின்புறம் ஊருணிக் கரையில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தை அகற்றும் பணி வரும் சனிக்கிழமை காலை தொடர்கிறது. சென்ற முறை இரண்டு உடைமரக் கன்றுகளும் அதோடு சேர்ந்து வெட்டுப்பட்டுவிட்டன. உடனிருந்து தடுத்திருக்க வேண்டியவன் நான், பிள்ளைகள்மேல் குற்றமில்லை. ஆகவே இம்முறை அவர்களை அனுப்புமுன் இக்கடிதத்தை வீட்டில் படித்துக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முள்ளை மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாது. சீமைக்கருவேலத்திற்கும் நாட்டுக் கருவேலத்திற்கும் கணுவுக்கு இரண்டாக நேரான முள் உண்டு. பூவைப் பாருங்கள். நாட்டுக் கருவேலம் பொன்மஞ்சளாக, சுண்டைக்காய் அளவில் உருண்டையாகப் பூக்கும். உடைமரத்தின் பூவும் உருண்டைதான், ஆனால் வெள்ளை. சீமைக்கருவேலத்தில் வெளிர்மஞ்சள் பூக்கள் விரல் நீளக் கதிராகத் தொங்கும். பூ இல்லையென்றால் அடியில் கிடக்கும் நெற்றைக் கையில் எடுக்கலாம்: விதைக்கு விதை இறுகி மணி கோத்ததுபோல் இருப்பது நாட்டுக் கருவேலம், சுருண்டிருப்பது உடை, வைக்கோல் நிறத்தில் நீண்டு பட்டையாக இருப்பது சீமைக்கருவேலம். ஆடுகள் விரும்பித் தின்று, புழுக்கையோடு ஊரெங்கும் விதைத்துவிடுவது இந்த நெற்றைத்தான்.

பூவும் நெற்றும் இல்லாத கன்றில்தான் நாம் தவறினோம். வெட்டுப்பட்ட உடைக் கிளை இப்போது என் மேசைமேல் இருக்கிறது. அதில் நீண்ட வெள்ளை முட்களுக்கு நடுவே, கொக்கிபோல் வளைந்த குட்டை முட்களும் இருக்கின்றன. சீமைக்கருவேலத்தில் அந்தக் கொக்கி முள் கிடையாது. நம் மணல்மேட்டில் குடை விரித்து நிழல் தரும் மரங்கள் எல்லாம் ஒரு காலத்தில் இப்படிக் கன்றாக நின்றவையே.

கோயில்களில் தல விருட்சமாக நிற்கும் வன்னியிடம் கூடுதல் கவனம் வேண்டும். அது சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. அதுவும் கதிராகவே பூக்கும். ஆனால் வன்னியின் முட்கள் குட்டையானவை. கணுவில் இணையாக நிற்காமல் கிளை நெடுகச் சிதறியிருக்கும்.

அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேலம், வெட்டினால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். வேரோடு தோண்டுவது பெரியவர்கள் வேலை. பிள்ளைகள் அடையாளம் கண்டு துணி கட்டுவதோடு நிற்பார்கள். கரிமூட்டம் போடும் பெற்றோருக்கு இம்மரங்களைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரியும். உங்களில் இருவரேனும் வந்து, துணி கட்டிய ஒவ்வொரு மரத்தையும் பார்த்து உறுதி சொன்ன பிறகே மண்வெட்டி எடுக்கப்படும். பிள்ளைகளைச் செருப்பில்லாமல் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்